தனியாகக் கேட்ட அடி

காது என்று சொல்லத் தகுந்தவை லண்டன் முழுக்க இரண்டே இருந்தன என்பதும், அவை இரண்டும் தன் தலையில்தான் இருந்தன என்பதும் ஸ்ரீதரனின் முடிந்த முடிவு. மனோர் பார்க் முருகன் கோயில் திருவிழாவில் தவில்காரருக்குப் பக்கத்தில் போய் நின்று, தொடையில் தாளம் தட்டி, நடுநடுவே முகத்தைச் சுளிப்பார். இன்றைக்குத் தவில்காரர் தன்னைக் கண்டு நடுங்கிப்போனார் என்று வீட்டுக்கு வந்து சொல்வார். அவர் தட்டிய தாளம் ஒருநாளும் தவிலோடு சேர்ந்ததில்லை. மனைவி கமலேஸ்வரி, குடும்பம் பிரான்சில் இருந்த காலத்திலேயே இதைச் சொல்லிப் பார்த்து, செவிடன் காதில் சங்கு ஊதி என்ன பயன் என்று விட்டுவிட்டாள். மகள் துஷ்யா மட்டும் அந்தக் காதை நம்பினாள். உலகத்தில் அவரை நம்புகிற ஆள் அவள் ஒருத்திதான். அது அவருக்கும் உள்ளூரத் தெரியும்.

துஷ்யா டிரம் கோரில் இருந்தாள். பித்தளைக் குழல்களும் மேளங்களுமாக மைதானத்தில் அணிவகுத்து வாசிக்கிற கூட்டம் அது. அவள் கையில் ஸ்னேர், சடசடவென்று பேசுகிற மேளம். ஒருநாள் லண்டன் செவன் கிங்ஸ் பகுதியில் இருந்த தங்கள் வீட்டில், டிரம் கோர் வரலாற்றிலேயே மிகச் சிறந்த ஸ்னேர்காரர்கள் என்று ஒரு வீடியோவைப் போட்டு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அமெரிக்காவில் ஏதோ ஒரு பெரிய மைதானம். வரிசையாக ஒன்பது பேர், ஒன்பது பேரின் குச்சிகளும் ஒரே உயரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் விழுந்தன.

ஸ்ரீதரன் வடையைக் கடித்தபடி பார்த்தார்.

“இவங்களே திறமான ஆக்கள்? ஒருத்தன் அடிக்கிறதை ஒன்பது பேர் அடிக்கினம். வேலை குறைவு, ஆள் கூட.”

துஷ்யா பொறுமையாக விளக்கினாள். அதுதான் இந்த வித்தையே, ஒன்பது பேரும் ஒரே ஆளாகக் கேட்க வேண்டும், ஒருவனுடைய அடி தனியாகக் காதில் விழுந்தால் அது அழுக்கு, அவன் வரிசையையே கெடுத்தவன் என்றாள். பாதியிலேயே ஸ்ரீதரன் தொலைபேசியை எடுத்துவிட்டார். தனியாகக் கேட்காத மேளகாரனும் ஒரு மேளகாரனா? பிரிட்ஜும்தான் நாள் முழுக்க இரைகிறது, அதற்குப் பொன்னாடை போர்த்துகிறோமா? இப்படிப்பட்ட அறிவாளிக்கு எதைத்தான் விளக்குவது.

துஷ்யாவுக்கு அப்போது வேறு கவலை இருந்தது. அவர்களுடைய ஸ்னேர் வரிசையில் ஐந்து பேர். அதில் யாரோ ஒருவருடைய அடி பிசகிக்கொண்டிருந்தது. யார் என்று பயிற்றுநர் கிரெக்கினால் பிடிக்க முடியவில்லை. பிடிபடும் ஆளை நிறுத்திவிட்டு, மிச்சப் பேரோடு சனிக்கிழமை இறுதிப் போட்டிக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் போட்டிக்காக அவள் வருடம் முழுக்க வேர்த்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி ஒரு பள்ளிக்கூடத்துக் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. பெற்றோர்கள் வேலியோரம் தேநீரோடு நின்றார்கள். கிங்ஸ்பரியிலிருந்து வந்த இம்மாகுலேற், தன் மகன் லதீசன்தான் வரிசையின் நடுவில் நிற்கிறான், நடுவில் நிற்பவன் கையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அடிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்ரீதரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று வந்த பெடியன், அவன் கையை என் மகள் பார்ப்பதா? ஒரு பாட்டு முடிந்து கிரெக் அந்தப் பக்கம் வந்ததும், இம்மாகுலேற்றின் காதில் விழும்படியாக, உரத்த ஆங்கிலத்தில் சொன்னார். இந்த ஐந்து பேரிலும் தன் மகளின் அடி மட்டும் தனியாகக் கேட்கிறது, கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடியும் என்றார்.

கிரெக் நின்றுவிட்டார். நிச்சயமாகவா என்று கேட்டார். ஸ்ரீதரனுக்கு வாயெல்லாம் பல். முதல் அடியிலிருந்து கடைசி அடிவரைக்கும், என்றார். உண்மையில் அவருக்குக் கேட்டது மொத்தமாக ஒரு சத்தம். அதில் எது மகள், எது இம்மாகுலேற்றின் மகன் என்று அவருக்குத் தெரியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தான் மட்டும் கெடுகிறது.

கிரெக் வரிசையிடம் போய்ப் பேசினார். தான் இல்லை என்று இத்தனை நாளும் அடித்துச் சொன்ன துஷ்யா, தோளிலிருந்து மேளத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு வேலியோரம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

“அப்பாக்குக் கேட்டதெண்டால் அது நான்தான். எனக்கே தெரியாமல் போச்சு.”

அப்போதுதான் ஸ்ரீதரனுக்கு விஷயம் உறைத்தது. சும்மா சொன்னேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தார். இம்மாகுலேற் தேநீர்க் கோப்பையோடு இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டார். மகளின் வருடத்தை விட, இம்மாகுலேற் சிரித்துவிடுவாளே என்பது பெரிதாகப் போய்விட்டது மனுஷனுக்கு.

நான்கு பேரும் மறுபடி அடிக்கத் தொடங்கினார்கள். துஷ்யா வேலியைப் பிடித்தபடி கேட்டாள்.

“இப்ப சுத்தமா இருக்கோ, அப்பா?”

ஸ்ரீதரன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிறந்த நாள் முதல் அவர் அப்படி உன்னிப்பாக எதையும் கேட்டதில்லை. சத்தம்தான் வந்தது. முன்பு வந்ததைப் போலவே இருந்தது, கொஞ்சம் குறைவாக.

“ஓம் பிள்ளை. இப்ப நல்ல சுத்தம்.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கிரெக் கையை உயர்த்தி வரிசையை நிறுத்தினார். பிசகு அப்படியே இருக்கிறது என்று கத்தினார். மூன்று பேர் லதீசனைத் திரும்பிப் பார்த்தார்கள். இம்மாகுலேற் கோப்பையைக் கீழே வைத்தாள். கிரெக் துஷ்யாவைப் பார்த்து, மேளத்தை எடுத்துக்கொண்டு வரும்படி கை காட்டினார்.

துஷ்யா உடனே போகவில்லை. தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உங்களுக்கு ஒண்டுமே கேக்கேல்லை, என்ன? ஒருநாளும் கேட்டதில்லை.”

அவள் போய் மேளத்தை மாட்டிக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி வரிசையில் நின்றாள்.