பால் கவர் நட்சத்திரம்

திலகவதியை வேலைக்குப் போகாதே என்று அந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். போ, தாராளமாகப் போ என்றுதான் மாமியார் மணியம்மாளும் சொன்னாள், கணவன் சந்திரமோகனும் சொன்னான். ஆனால் கிளம்புகிற நேரம் பார்த்து ஆடி மாதம் குறுக்கே வந்து நிற்கும். ஆடி போனால் நடவு. நடவு முடிந்தால் குழந்தைக்குக் காய்ச்சல். இப்படியே மகள் காயத்ரி இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால் திலகவதி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பாட்டில் கம்பெனியில் இருந்தவள். பெல்ட்டில் ஓடி வரும் பாட்டில்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, மயிரிழை கீறல் இருந்தாலும் எடுத்துத் தள்ளுகிற வேலை. அங்கே கூட இருந்த ஷஹனாஸ் இப்போது சூப்பர்வைசர். அவள்தான் போன் செய்தாள். ஒரு இடம் காலியாகிறது, திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடு, தள்ளிப்போட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றாள்.

திங்கள் என்றால் கார்த்திகையின் கடைசி நாள். நல்லவேளை என்று திலகவதி பெருமூச்சு விட்டாள். மறுநாள் மார்கழி பிறந்துவிட்டால் அந்த வீட்டில் ஒரு புதுத் துடைப்பம்கூட வாங்க மாட்டார்கள். அப்புறம் எங்கே புது வேலை?

சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. செவ்வாய்க்கிழமை கிறிஸ்துமஸ் விழா. ஒவ்வொரு குழந்தையும் வீட்டில் வீணாகப் போகிற பொருளில் ஒரு அலங்காரம் செய்து எடுத்து வர வேண்டும், கடையில் வாங்கியது கூடவே கூடாது. திங்களன்று இது கழுத்தைப் பிடிக்கக் கூடாதே என்று திலகவதி அன்றைக்கே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் செய்த தப்பு அதை நன்றாகச் செய்ததுதான். நாலு வீட்டு அம்மாக்கள் மாதிரி ஒரு தண்ணீர் பாட்டிலை வெட்டி, பஞ்சை ஒட்டி அனுப்பியிருந்தால் தப்பித்திருப்பாள். கோணலை விடாத கை அது, என்ன செய்ய! தென்னந்துடைப்பத்திலிருந்து குச்சிகளை உருவி நட்சத்திரத்துக்குச் சட்டம் கட்டினாள். பால் கவர்களைக் கழுவிக் காயவைத்து, பட்டை பட்டையாக வெட்டிப் பாய் மாதிரி பின்னினாள். மாமியாரின் சர்க்கரை மாத்திரை அட்டைகளிலிருந்து வெள்ளித் தாளை உரித்து ஓரம் கட்டினாள். நடுவில், பழைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஒரு தங்கப் பூ. பல்பைப் போட்டதும் மணியம்மாளே அடுப்பை விட்டு வந்து பார்த்தாள்.

சந்திரமோகனுக்குப் பெருமை தாங்கவில்லை. போட்டோ எடுத்துப் பெற்றோர் குரூப்பில் போட்டான். கொஞ்ச நேரத்தில் விழாப் பொறுப்பு ராபின் சார் கூப்பிட்டார். மேடை முழுக்க இதே மாதிரி வேண்டும், சாமான்களை எல்லாரும் கொண்டுவந்து தருவார்கள், மேடம் செய்து தருவார்களா என்று கேட்டார். மேடம் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். சந்திரமோகன் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"அதுக்கின்னா சார், அவ ஊட்லதானே கீறா," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குப்பை வர ஆரம்பித்தது. புதுவாயல் கடைக்காரர்கள் பைக்கில் கொண்டுவந்தார்கள், கம்பெனிக் குவார்ட்டர்ஸிலிருந்து ஆட்டோவில் வந்தது. யூரியா சாக்கு நிறையப் பால் கவர், பிஸ்கட் தாள், முட்டை அட்டை, தெர்மோகோல். வந்தவர்களுக்கெல்லாம் மணியம்மாள் சந்தோஷமாகக் காப்பி கொடுத்தாள். மத்தியானத்துக்குள் கூடம் நிறைந்து, வாசல் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. கழுவாத பால் கவரின் புளித்த வாடை சோற்றில்கூட அடித்தது. ஊர்க் குப்பையெல்லாம் தன் மடியில் வந்து விழுந்ததை நினைத்துத் திலகவதிக்கு அழுகை முட்டியது. கத்தரிக்கோலைக் கீழே வைக்க நேரமில்லாததால் அழவில்லை.

நாளைக்கு நான் வேலையில் சேர வேண்டும் என்று சாயங்காலம் ஞாபகப்படுத்தினாள். ஒரு நாள்தானே, செவ்வாய்க்கிழமை போயேன் என்றான் சந்திரமோகன், பால் கவர்களை அலசிக்கொண்டே. உதவி செய்யாத மனுஷன் என்று பழி போடவும் முடியாது. செவ்வாய் மார்கழி ஆயிற்றே, யாராவது புது வேலையில் சேருவார்களா, தை பிறக்கட்டும் என்றாள் மணியம்மாள். இரண்டு பேர் குரலிலும் அவ்வளவு அன்பு. தலையைக் கொண்டுபோய் எங்கே முட்டிக்கொள்வது?

திங்களன்று கம்பெனி பஸ் போகிற நேரத்தில் திலகவதி முட்டை அட்டையில் மணி வெட்டிக்கொண்டிருந்தாள். ஷஹனாஸிடம் போனில் கெஞ்சினாள். ஷஹனாஸ் திட்டினாள், பிறகு மேலே பேசி ஒரு நாள் வாங்கிக் கொடுத்தாள். செவ்வாய் காலை பஸ்ஸில் நீ இல்லையென்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். சாயங்காலம் பள்ளி வேன் வந்து நட்சத்திரங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனது. கதவு முழுசாகத் திறந்தது.

செவ்வாய் காலை மார்கழிக் கோலத்தில் பூசணிப்பூ வைத்துவிட்டு, குளித்து, சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மணியம்மாள் வாசலில் நின்றாள்.

"மார்கழி முதல் நாளும் அதுவுமா, இன்னாம்மா இது?"

"பள்ளிக்கூடத்துல இன்னிக்குத்தானே அத்தை விழா ஆரம்பிக்கிறாங்க?"

"அது அவங்க சாமி. அவங்களுக்கு மார்கழியெல்லாம் கெடையாது."

"கம்பெனிக்கும் கெடையாது அத்தை."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தாள். இவ்வளவு வருஷத்தில் தெருமுனையைத் தனியாகத் தாண்டியது அன்றைக்குத்தான் போல இருந்தது. பாதி வழியில் பின்னால் பைக் சத்தம். சந்திரமோகன்தான், முன்னால் யூனிஃபார்மில் காயத்ரி.

"குந்து திலகா. நடந்து போனா பஸ்ஸு எப்பிடிக் கெடைக்கும்? நான் உட்டுர்றேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏறிக் குந்தினாள். எந்தப் பெண்டாட்டிதான் ஏறமாட்டாள்?

பைக் கம்பெனி பஸ் நிற்கிற புதுவாயல் கூட்ரோட்டுக்குப் போகவில்லை. முன்னாலேயே திரும்பிப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. ராபின் சார் போன் பண்ணியிருக்கிறார், வாட்ச்மேன் நட்சத்திரத்தையெல்லாம் தலைகீழாகக் கட்டி வைத்திருக்கிறானாம், மேடம் வந்தால்தான் சரிப்படுமாம். அஞ்சே நிமிஷம், கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம், என்ன அவசரம் என்றான். திலகவதி வாயைத் திறப்பதற்குள் ராபின் சார் கும்பிட்டுக்கொண்டே ஓடி வந்தார். காயத்ரி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், எங்க அம்மா செஞ்சது, எங்க அம்மா செஞ்சது என்று எல்லாக் குழந்தைகளிடமும் காட்டினாள். மகள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைத் திலகவதி பார்த்ததில்லை. ஏணியில் ஏறினாள்.

மேடை உச்சியிலிருந்து மதிலுக்கு அப்பால் ஹைவே தெரிந்தது. சணல் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு தலைகீழாய்த் தொங்கியதையெல்லாம் அவிழ்த்து நேராகக் கட்டினாள். ஒன்று, இன்னொன்று. இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

"பஸ்ஸு கூட்ரோட்டுல நிக்குதுடி. எங்க கீற?" என்றாள் ஷஹனாஸ்.

"ஏணி மேல."

"ஏணியா? எறங்கி வாடி சீக்கிரம்."

திலகவதி கீழே பார்த்தாள். ஏணியின் ஒரு காலைச் சந்திரமோகன் கட்டிப் பிடித்திருந்தான், இன்னொரு காலை ராபின் சார். அம்மா விழுந்துவிடக் கூடாதென்று காயத்ரியும் கீழ்ப்படியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியலடி," என்றாள். "எல்லாரும் கெட்டியா புடிச்சிக்கினு கீறாங்க."

போன் நின்றுவிட்டது. சற்று நேரத்தில் ஹைவேயில் கம்பெனி பஸ் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனது. ஜன்னலோரம் தூங்கி விழுகிற தலைகள்கூட அவளுக்குத் தெரிந்தன.

"யாரு திலகா போன்ல?" என்று கீழேயிருந்து சந்திரமோகன் கேட்டான்.

"யாரும் இல்லைங்க," என்று சொல்லிவிட்டு, அடுத்த நட்சத்திரத்துக்குக் கையை நீட்டினாள்.