கழுத்தில் ஒரு தவளை

தமிழில் படபடப்பு என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்த ஆள் மட்டும் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் படபடப்பு. அடுப்பில் பால் பொங்குகிறதே என்று ஓடுகிறவளுக்கும் படபடப்பு. இதயம் கட்டுக்கடங்காமல் அடித்துக்கொள்கிறவளுக்கும் அதே படபடப்பு. நான் பதினோரு வருஷம் மூன்றாவதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் எல்லோரும் முதலாவதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அதில் முதல் ஆள் என் வீட்டுக்காரர். அவர் பெயர் இருதயராஜ். இருதயத்தைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு, பெண்டாட்டியின் இருதயத்தை நம்பாத மனுஷன். கெட்டவர் இல்லை. அளந்து பார்த்து முள் அசைந்தால்தான் எதையும் ஒத்துக்கொள்வார், அவ்வளவுதான். சிகந்தராபாத் பக்கம் காஞ்சன்பாக்கில் ஒரு ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கே என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டார். வெளியிலிருந்து திரும்பி வரும் மின்னணுப் பெட்டிகளைச் சோதிக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

கல்யாணமாகித் தூத்துக்குடியிலிருந்து காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸுக்கு வந்த இரண்டாவது வருஷம் அது ஆரம்பித்தது. குனிந்து தண்ணீர் வாளியைத் தூக்கி நிமிர்ந்தேன். சுவிட்சைத் தட்டிய மாதிரி இதயம் தறிகெட்டு ஓடத் தொடங்கியது. தொண்டைக்குழியில் தடதடவென்று அடித்த அடியில் என் தாலிச் சங்கிலி துள்ளியது கண்ணுக்கே தெரிந்தது. பதினைந்து நிமிஷம் கழித்து, வந்த மாதிரியே சட்டென்று நின்றும் போனது. டிஸ்பென்சரிக்குப் போய்ச் சேர்ந்து, ஈசிஜி எடுத்து, டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "நார்மல்" என்றார்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு முறை, சில சமயம் இரண்டு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் நான் போய்ச் சேருவதற்குள் அது ஓடிவிடும். ஒன்பது ஈசிஜி, ஒன்பது நார்மல். கடைசியாகப் பார்த்தவர், இது மனப்பதற்றம்தான் என்று முடிவு கட்டி மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதைப் போட்டால் தூக்கம் வந்தது. படபடப்பும் அதன் பாட்டுக்கு வந்துபோனது. கோயிலுக்குப் போகும்போது வழியில் வந்துவிடுமோ, கடையில் வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் புதிதாக என்னிடம் குடிவந்தது. ஆக, பதற்றம் இல்லாதவளுக்குப் பதற்றத்தையும் உண்டாக்கிவிட்டார்கள்.

2003 செப்டம்பரில் ஒருநாள் என் வீட்டுக்காரர் ஒரு கடிதத்தை அழகாக டைப் அடித்துக் கொண்டுவந்தார். என் வேலையை நான் ராஜினாமா செய்யும் கடிதம். தேதியை மட்டும் காலியாக விட்டிருந்தார். டென்ஷனைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் சரியாகாவிட்டால் தேதியைப் போட்டுக் கொடுத்துவிடு என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அதனால்தான் எனக்குக் கூடுதலாக எரிச்சல் வந்தது. கடிதத்தை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த வேலை எனக்கு உயிர். ஹப்சிகுடாவில் ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் ஆபீஸ். அமெரிக்க டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். நாங்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலால் பெடலை மிதித்து ஓட்டியும் நிறுத்தியும், கேட்டதை அப்படியே டைப் அடிப்போம். காலை ஆறு மணிக்கு வேன் வரும். உட்கார்ந்துவிட்டால் என்னைவிட வேகமாக அடிக்க அந்த ஹாலில் ஆள் கிடையாது. வீட்டில் நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. இங்கே நான் கேட்டு எழுதியதை ஒரு ஆஸ்பத்திரியே நம்பியது.

நவம்பர் கடைசியில் ஒரு டாக்டர் நோயாளிக் குறிப்புக்குப் பதிலாகத் தன் ஆராய்ச்சிக் கட்டுரையின் வரைவைப் பேசி அனுப்பியிருந்தார். இதயத் துடிப்புக் கோளாறு பற்றியது. வாய்க்குள் எதையோ மென்றுகொண்டே பேசுகிற ஆசாமி. ஓரிடத்தில் 'ஃபாக் சைன்' என்றார். ஃபாக் என்றால் மூடுபனி. என்ன மூடுபனியோ, எனக்கென்ன என்று அடித்து அனுப்பிவிட்டேன். நாங்கள் அடிப்பதைச் சரிபார்க்கிற ஃபாத்திமா அரை மணி நேரத்தில் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினாள். ஃபாக் இல்லையாம், ஃப்ராக். தவளை.

இதயத்துக்கும் தவளைக்கும் என்ன சம்பந்தம் என்று அவளிடம் சண்டைக்குப் போனேன். அவள் பெரிய புத்தகத்தைப் பிரித்து வாசித்துக் காட்டினாள். இதயத்துக்குள் மின்சாரம் போகிற பாதையில் கூடுதலாக ஒரு பாதை சிலருக்குப் பிறவியிலேயே இருக்குமாம். மின்சாரம் அந்த இரண்டு பாதைக்குள்ளும் சுற்றிச்சுற்றி ஓட ஆரம்பித்தால், துடிப்பு திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்குமாம். அப்போது கழுத்து நரம்புகள் தவளையின் தொண்டை மாதிரி துள்ளுமாம்.

நான் என் இடத்துக்குத் திரும்பி வந்து அந்தப் பதிவை மறுபடி ஓட்டினேன். அடுத்த பத்தியை அதுவரை என் விரல்தான் கேட்டிருந்தது, நான் கேட்கவில்லை. இந்த நோயாளிகளில் பெண்களே அதிகம், அவர்களில் பலருக்குப் பல வருஷமாக மனப்பதற்றம் என்றே பெயர் சூட்டப்பட்டிருந்தது, எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்வியை முன்பே கேட்டிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு போனார். சுவிட்ச் போட்டது போல் வருகிறதா, கழுத்தில் அடிக்கிறதா? பெடலை மிதித்து அந்த இடத்தை மூன்று முறை கேட்டேன். பதினோரு வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வியை, முகம் தெரியாத ஒருவர் காதுக்குள் வந்து கேட்டார். ஹெட்போனைக் கழற்றாமலே அழுதேன்.

ஆபீஸ் தாள் எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. நானும் கொண்டுபோகவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். ஒன்பது தடவை எடுத்தாயிற்றே, அத்தனையும் நார்மல்தானே என்று வழக்கமான பதிலைச் சொன்னார். நான் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"உங்க பொட்டி வண்டியில ஏறினா மக்கர் பண்ணுது, பெஞ்சுல வச்சா ஒழுங்கா ஓடுதுன்னு தலையில அடிச்சுக்கிடுவீங்களே. அப்ப அந்தப் பொட்டி பொய் சொல்லுதுன்னா எழுதி அனுப்புவீங்க?"

அவர் வாயில் போட்ட சோற்றை மென்றுகொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இல்ல. அது ஓடுத எடத்துலயே மீட்டர மாட்டணும்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து மனுஷன் வேறு ஆளாகிவிட்டார். எங்கள் ஆபீஸ் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன டயக்னாஸ்டிக் சென்டர் இருந்தது. அங்கே ஈசிஜி எடுப்பவர் நாராயணஸ்வாமி, மூன்று தலைமுறையாக சிகந்தராபாத்தில் வாழும் தமிழர். என் வீட்டுக்காரர் நேரில் போய் விஷயத்தை விளக்கினார். "ஹவ் சார், புரிஞ்சுது. வந்துச்சுன்னா உடனே இட்டாந்து படுக்க வையிங்க, சீட்டு கீட்டு நக்கோ" என்று, வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் உருதுவில் நக்கோ போட்டு அவர் வாக்குக் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை இவர் கையில் கடிகாரத்தோடு வந்து, என் நாற்காலியிலிருந்து ஈசிஜி கட்டில்வரை நடக்கவிட்டு நேரம் எடுத்தார். லிஃப்டில் மூன்றே முக்கால் நிமிஷம். ஃபாத்திமா என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நான் ஓடக் கூடாது என்று உத்தரவு.

எல்லாம் தயார். அது மட்டும் வரவில்லை.

வேண்டாம் என்றபோதெல்லாம் வந்து நின்ற சனியன், வா வா என்று கூப்பிட்டபோது எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. குனிந்தால் வருமே என்று பேனாவைக் கீழே போட்டுப்போட்டு எடுத்தேன். மேனேஜர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தினமும் மதியம் ஒரு மணிக்கு இவர் ஆபீஸுக்குப் போன் போட்டு, கேஸ் சிலிண்டர் வந்ததா என்று விசாரிக்கிற குரலில் "வந்துச்சா?" என்பார். இல்லை என்பேன். டிசம்பர் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பையில் அந்தக் கடிதம் அப்படியே கிடந்தது. ஒருவேளை எல்லாம் என் மனப்பிரமைதானோ என்று நானே நினைக்க ஆரம்பித்தேன். அந்த நினைப்புதான் எல்லாவற்றையும்விடப் பயங்கரமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை. இவருக்கு விடுமுறை. துணி எடுக்கப் போகலாம் என்று இரண்டு மணிக்கு என்னை அழைத்துப்போக வந்திருந்தார். கீழே இறங்கி வந்து, வாசலில் அறுந்த செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்து நிமிர்ந்தேன். வந்துவிட்டது.

அவர் கையை எடுத்து என் கழுத்தில் வைத்தேன். பதினோரு வருஷத்தில் முதல் முறை. அவர் முகம் வெளுத்துப்போனது.

டயக்னாஸ்டிக் சென்டரின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நாராயணஸ்வாமி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் பூட்டை ஓரமாக வீசிவிட்டு ஷட்டரைத் தூக்கினார். உள்ளே கரண்ட் இல்லை. எனக்கு உயிரே போனது. மெஷினில் பேட்டரி இருக்கிறது, நீங்கள் படுங்கள் என்றார் அவர். கையிலும் காலிலும் நெஞ்சிலும் கவ்விகளை மாட்டினார். இருட்டு அறையில் அந்தத் தாள் கிர்ரென்று வெளியே வர ஆரம்பித்தது. நேரம் குறித்துக்கொள்ள இவர் ஒரு காகிதம் கேட்டார். கைப்பையைக் காட்டினேன். கைக்கு வந்ததை உருவி எடுத்து, அதன் பின்பக்கத்தில் மணியை எழுதினார். அந்த ராஜினாமாக் கடிதம்தான் அது.

நாராயணஸ்வாமி தாளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கட்டங்களை எண்ணிவிட்டு, நிமிஷத்துக்கு நூற்றுத் தொண்ணூறு என்றார். பிறகு என்னை மூச்சை அடக்கி வயிற்றை முக்கச் சொன்னார். இரண்டாவது முறை முக்கியபோது சட்டென்று நின்றது. நின்ற இடமும் தாளில் பதிவாகியிருந்தது. தடதடவென்று ஓடிய கோடு ஒரு கணம் தயங்கி, பிறகு சாதுவாக நடந்துபோனது. இவர் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அன்று நாங்கள் துணி எடுக்கப் போகவில்லை.

பிப்ரவரியில் டாக்டர் புருஷோத்தமனிடம் போனோம். துடிப்புக் கோளாறுகளை மட்டுமே பார்க்கிறவர், வேலூரில் படித்தபோது தமிழ் பழகியவர். தாளைப் பார்த்தார், அந்தக் கேள்வியைக் கேட்டார். தொடைவழியாக இதயத்துக்குள் மெல்லிய கம்பிகளை அனுப்பி, அந்தக் கூடுதல் பாதையைச் சூட்டால் அடைத்துவிடலாம் என்றார். அனேகமாகத் திரும்பி வராது என்றும் சொன்னார். ஆனால் அடைப்பதற்கு முன்னால் அதை வரவழைத்துப் பார்க்க வேண்டும், மயக்கம் கொடுக்க மாட்டேன், நீங்கள் விழித்திருந்து சொல்ல வேண்டும் என்றார்.

மேஜையில் படுத்திருந்தேன். சுற்றிலும் நாலைந்து பேர், எதிரே பெரிய திரை. எங்கோ ஒரு பொத்தானை அழுத்தினார்கள். சுவிட்சைத் தட்டிய மாதிரி வந்தது. திரையில் கோடுகள் பாய்ந்தன. என் கழுத்துத் துள்ளியது. அறையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் என் பக்கம் குனிந்தார். "இதுதானாம்மா? பதினோரு வருஷமா வர்றது இதேதானா?"

"இதேதான் டாக்டர்" என்றேன். "இதேதான்."

சொல்லும்போதே கண்ணீர் காதுவரை வழிந்தது. வலிக்கிறதா என்று நர்ஸ் பதறிப்போய்க் கேட்டாள். வலியெல்லாம் இல்லை. சந்தோஷம். அத்தனை காலம் நான் ஒருத்தி மட்டுமே பார்த்த ஒன்றை அன்றைக்கு ஓர் அறையே பார்த்தது.

பிறகு நெஞ்சுக்குள் லேசான சூடு, ஒரு நிமிஷம். அதற்கப்புறம் அரை மணி நேரம் அதை வரவழைக்க என்னென்னவோ செய்து பார்த்தார்கள். வரவே இல்லை.

வார்டில் காலை அசைக்காமல் மல்லாந்து படுத்திருந்தேன். இவர் வந்து பக்கத்தில் நின்றார். வெகுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பதினோரு வருஷமா ஒன்னய பெஞ்சுல வச்சே பாத்துட்டு இருந்துட்டேன், ஆக்னஸ்" என்றார்.

அவர் கையை எடுத்து மறுபடி என் கழுத்தில் வைத்தேன். இரண்டு விரலை அழுத்திக் கடிகாரத்தைப் பார்த்து, உதடு அசைய ஒரு முழு நிமிஷம் எண்ணினார். எண்ணி முடித்தும் விரலை எடுக்கவில்லை.

"எழுபத்திரெண்டு" என்றார். கொஞ்சம் தயங்கினார். பயந்து பயந்து, என் அனுமதியைக் கேட்பது போல அந்த வார்த்தையைச் சொன்னார்.

"நார்மல்."

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.