நாலு விரல் பட்டை

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதத்தில் பிறந்தது. முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பிறகு உங்களுக்கு யார் மூலமாவது தெரியவந்தால் எனக்குத்தான் அசிங்கம்.

வெள்ளானூரில் எங்கள் தெருவுக்கு ஒன்பது வீடு. நான் கதை எழுதுகிறவள் என்பதால் தெருச் சங்கத்துக்கு என்னையே செயலாளர் ஆக்கினார்கள். தெருக்கோடியில் அரை ஏக்கர் காலி மனை. முள்ளும் புதரும், நடுவே ஏழு பூவரச மரங்களும். அங்கிருந்து ஒரு சாரைப்பாம்பு கிளம்பி பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரியின் குளியலறைக்குள் போய்விட்டது. உள்ளே அவளுடைய ஆறு வயது மகள் இருந்தாள்.

மனைக்காரர் கோதண்டம் இந்த ஊர்க்காரர்தான். இப்போது பூந்தமல்லியில் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்கு எழுதினேன். 'விஷ ஜந்துக்களின் கூடாரமாகத் திகழும் மேற்படி இடத்தை மரம் செடி கொடி எதுவுமின்றிச் சுத்தம் செய்து தருமாறு.' கீழே ஒன்பது கையெழுத்து. நான் எழுதியதிலேயே தெருவில் அத்தனை பேரும் கடைசி வரி வரை படித்தது அது ஒன்றுதான். அதைவிட ஆச்சரியம், எழுதியது அப்படியே நடந்தது.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. எழுதிப் பார்த்தவை:

பாஸ்கல் ரம்பத்தைக் கையில் எடுத்தபோது வானம்

(வானம் ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருந்தது.)

மரங்களும் மனிதர்களைப் போலத்தான், அவற்றுக்கும்

(இல்லை. மரங்கள் மனிதர்களைப் போல இல்லை என்பதுதான் இந்தக் கதையே.)

இந்த இரண்டையும் அடித்துவிடாமல் அப்படியே விட்டு வைக்கிறேன். காரணம் பிறகு புரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகை மாதம் ஜேசிபி வந்து முள்ளையெல்லாம் வழித்துப் போட்டது. மறுநாள் மரம் வெட்டும் பாஸ்கல் ரம்ப மெஷினோடு வந்தார். ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், இன்னொரு பக்கம் கரண்டுக் கம்பி. அந்த மாதிரி இடத்தில் அவர் மரத்தை ஒரேயடியாக அறுக்க மாட்டார். இடுப்பு உயரத்தில் முக்கால் பங்கு அறுப்பார், கயிறு கட்டி மெல்லச் சாய்ப்பார், பட்டையோடு நாலு விரல் அகலம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒட்டு இருக்கும்வரை மரம் துள்ளாது, திரும்பாது, சொன்ன பக்கம் படுக்கும். எல்லாவற்றையும் சாய்த்துவிட்டு, லாரி வருகிற அன்று ஒட்டை அறுத்து ஏற்றுவதுதான் வழக்கம்.

ஏழும் சாய்ந்தன. அன்று சாயங்காலமே மழை பிடித்தது. ஏரி நிரம்பி, மனைக்குப் போகிற மண்பாதை சேறாகி, லாரி ஏழு வாரம் வரவில்லை.*

* அந்த ஏழு வாரமும் மரங்கள் செத்துவிட்டன என்றே நினைத்தேன். மாடியில் துணி காயப்போடும்போது அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தேன். கடிதம் எழுதிய கைக்கு அவ்வளவு கூச்சம்.

3

பொங்கல் கழிந்து, பாதை காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பாஸ்கல் வந்தார். முதல் வரைவில் அவரை ஒரு தத்துவ ஞானியாக எழுதியிருந்தேன். மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதார். அதைப் படித்துப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. நிஜப் பாஸ்கல் மனைக்குள் போனார், பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தார், என் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"மேடம், இத்த வந்து பாரேன்."

"என்ன ஆச்சு?"

"செத்துப்பூடும்னுதான் நானே நெனச்சேன். தழையா தள்ளிகினு கீது மேடம். நாலு வெரலு பட்டை! அத்த வச்சிகினு மொத்த மரமும் குடிச்சிகினு கீது."

போனேன். படுத்திருந்த ஏழு மரங்களும் பச்சையாக இருந்தன. தரைக்குச் சரிந்து கிடந்த தண்டின் மேல் வரிசையாகப் புதுக் கிளைகள் நேரே எழும்பியிருந்தன, இடுப்பு உயரத்துக்கு. ஒன்றில் மஞ்சள் பூ. மரம் படுத்துவிட்டது, பூவுக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது.

"குனிஞ்சி வா. சத்தம் போடாத" என்றார் பாஸ்கல்.

இலைகளுக்கு அடியில் முட்டி போட்டு நுழைந்தேன். உள்ளே ஓர் அறை அளவுக்கு இடம். வெளியே வெயில் கொளுத்துகிறது, இங்கே மண் ஈரமாக இருந்தது. மூலையில், காய்ந்த புல்லில், என் கையகலத்துக்கு மூன்று முயல் குட்டிகள். கண் திறந்திருந்தன. மூச்சு விடுவது மட்டும் தெரிந்தது.

ஐயோ, வெள்ளானூரில், ஆவடி பஸ்ஸின் ஹாரன் கேட்கிற தூரத்தில்! முள்ளை வழித்தபிறகு அவற்றின் தாய்க்கு ஒதுங்க வேறு இடமே இல்லை. பாஸ்கல் சாய்த்துப் போட்ட கிளைகள்தான் மிச்சம். என் கடிதம் அழித்ததை, முடிக்காமல் விட்ட வேலை ஒன்று திருப்பிக் கட்டியிருக்கிறது.

"மரம் நின்னுகினு இருந்தா இதுக்கு ஒதுங்க எடம் ஏது மேடம்? முழுசா அறுத்திருந்தாலும் கெடயாது" என்றார். முப்பது வருஷமாக மரம் வெட்டுகிறவர், மரத்தை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

கோதண்டத்துக்குப் போன் செய்தேன். அவருக்கு அங்கே வீடு கட்டும் உத்தேசம் இப்போது இல்லை. கோபம்தான் இருந்தது.

"இன்னாம்மா வெளாட்டா கீதா? வெட்டுன்னு நீதான் எழுதுன. இப்ப வேணாம்ன்ற. நாளைக்கு எவன் ஊட்லனா பாம்பு பூந்துச்சினா எம்மேல வருவானுங்க. அன்னிக்கு கையெழுத்து போட்டவங்க அத்தினி பேரும் வேணாம்னு எழுதிக் குடுங்க, உட்டுர்றேன். ஒண்ணு கொறஞ்சாலும் வெள்ளிக்கெழம காலைல லாரி வரும்."

ஒன்பதில் எட்டு வாங்கிவிட்டேன். மிச்சம் சாமுண்டீஸ்வரி.

"அக்கா, உங்க கதைல பாம்பு கடிக்காது. என் ஊட்ல கடிக்கும்" என்றாள்.

இந்தக் கதையில் அவளைக் கெட்டவளாக எழுதினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் பாம்பு பார்த்த அன்று அவள் மகள் பேச்சில்லாமல் நடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த இலைகளுக்கு அடியில் சாரைப்பாம்பும் நிச்சயம் இருக்கும். முயலுக்கு மட்டும் என்று மரம் பலகை மாட்டி வைக்கவில்லை.

5

முடிவுகள்.

அ) பாஸ்கல் ரம்பத்தை ஏரியில் வீசுகிறார். (வீச மாட்டார். அது அவர் சோறு.)

ஆ) லாரி வருகிறது. ஏழு ஒட்டும் அறுபடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிஷம்கூட ஆகாது. (இதை எழுதத் தொடங்கினேன். கை ஓடவில்லை.)

இ) தாய் முயல் குட்டிகளைப் பத்திரமான இடத்துக்கு (எந்த இடத்துக்கு?)

6

வெள்ளிக்கிழமை காலை. லாரி தெருமுனையில் நிற்கிறது. பாஸ்கல் முதல் மரத்தருகே மெஷினை ஓடவிட்டபடி, வெட்டாமல், என் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். கோதண்டம் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

சாமுண்டீஸ்வரி நேற்று என்னோடு மனைக்கு வந்தாள். மகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். இலைகளுக்குள் தலையை நுழைத்தவள் வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முட்டியெல்லாம் மண். என் கையிலிருந்த எட்டுக் கையெழுத்துக் காகிதத்தை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னும் திறக்கவில்லை.

அடுத்த வரியை நான் எழுதலாம். அவளைக் கையெழுத்துப் போட வைக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் ஒரு தடவை இந்த இடத்தைப் பற்றி எழுதி, எழுதியது நடந்து, ஏழு மரம் சாய்ந்ததைப் பார்த்தவள் நான். எனக்குப் பயமாக இருக்கிறது. முழுதாக முடித்த என் கடிதத்துக்கு அடியில் ஒரு பூச்சிகூடக் குடியிருக்காது. பாஸ்கல் முடிக்காமல் விட்டதன் அடியில் மூன்று உயிர்கள் இருக்கின்றன.

அதனால் கடைசி வாக்கியத்தை முக்கால் பங்கில் நிறுத்திச் சாய்த்து வைக்கிறேன். ஒட்டு உங்கள் கையில். பார்த்துச் செய்யுங்கள்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது, பாஸ்கல் மெஷினை அணைத்தார், காகிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்த சாமுண்டீஸ்வரி எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு