கொஞ்சம் தள்ளுப்பா

முப்பத்தாறு பிள்ளைகளின் பெற்றோரை ஒரே தட்டில் மாற்றிவிட்டவன் நான்.

ஏழாம் வகுப்புக்கு எக்செல் நடத்திக்கொண்டிருந்தேன். பெயர்களை அகர வரிசையில் அடுக்குவது எவ்வளவு சுலபம் என்று காட்ட ஆசை. மாதிரிப் பட்டியல் தயாரிக்கச் சோம்பல். கைக்கு அகப்பட்டது அதே வகுப்பின் பெற்றோர் போன் எண் பட்டியல். பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்தேன். பக்கத்துப் பத்தியையும் சேர்த்து அடுக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. படித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு ஏது? வேண்டாம் என்று தட்டினேன். பெயர்கள் சமர்த்தாக இடம் மாறின. எண்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. சேமித்து மூடிவிட்டு, ரெண்டே நொடிதான் என்று பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் வகுப்பு டீச்சர் அதை நம்பி வீடுகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். மூன்று பாடத்தில் கோட்டை விட்ட பையனின் அப்பா, வேறு யாருக்கோ எழுதிய பாராட்டைப் படித்துவிட்டு அவனுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். ஒரு லாரி மெக்கானிக்குக்குப் போன செய்தி: ‘உங்கள் பிள்ளை வகுப்பில் ஓயாமல் பேசுவதாகப் புகார்.’

அவர் மகளுக்கு வகுப்பில் ‘மியூட் பட்டன்’ என்று பெயர். வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. மனுஷர் கிரீஸ் கையோடு ஓடி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நான் பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

“நெஜமாவே பேசறாளா சார்? வீட்ல ‘ம்’முக்கு மேல போக மாட்டா.”

அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. “இப்பதான் ஆரம்பிச்சிருக்கா” என்று மென்று விழுங்கினேன்.

விஷயம் தலைமையாசிரியை காதுக்குப் போனது. அவர் கத்தவில்லை. வெள்ளிக்கிழமை பிள்ளைகளே அந்தப் பட்டியலைச் சரிசெய்ய வேண்டும், நான் தொடக்கூடாது என்றார். முடியாவிட்டால் கம்ப்யூட்டர் பீரியட் கணக்கு வாத்தியாருக்கு. கம்ப்யூட்டர் அறைக்கு ஏசி மாட்டிய நாளிலிருந்தே அவருக்கு அதன்மேல் ஒரு கண்.

வியாழக்கிழமை ஒத்திகை வைத்தேன். ஒரு பிள்ளை தடுமாறினால் பார்த்துக்கொண்டிருக்க என் மனசு கேட்காது. “கொஞ்சம் தள்ளுப்பா” என்று நானே செய்து காட்டிவிடுவேன். இளகின மனசு. அன்று மட்டும் ஒன்பது முறை தள்ளச் சொன்னேன். பீரியட் முடிகிற நேரத்தில் தனியாகச் செய்யச் சொன்னால் ஒருவருக்கும் வரவில்லை. ஏன் என்று கேட்டேன். புரியுது சார் என்று கோரஸ் பாடினார்கள். கணக்கு வாத்தியாரைக் கேட்டேன். காலம் கெட்டுப்போச்சு என்று ஏசியைப் பார்த்தார். வீட்டில் மனைவியைக் கேட்டேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல், நீங்க நல்லாத்தான் சொல்லித் தருவீங்க என்றாள்.

வெள்ளிக்கிழமை என்னைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்தில் தலைமையாசிரியை காவலுக்கு உட்கார்ந்தார். பிள்ளைகள் பெற்றோர் எண்ணும் எழுதியிருந்த வருகைப் பதிவேட்டைப் பார்த்து, எண்களுக்கு நேரே பெயர்களை மாற்றி மாற்றித் தட்டி முடித்தார்கள். இனி அடுக்க வேண்டும். வகுப்புத் தலைவன் மவுசைப் பிடித்ததும் உறைந்துபோய் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் கை தானாக எழுந்தது. தலைமையாசிரியை பார்த்தார். அதே கையால் காதைச் சொறிந்துகொண்டேன்.

யாரோ சிரித்துக்கொண்டே மியூட் பட்டனை முன்னே தள்ளிவிட்டார்கள். அவள் ஒரு தடவை தப்பாகத் தட்டினாள், அழித்தாள். மறுபடி தட்டினாள். என்னைக் கவிழ்த்த அதே கேள்வி திரையில் வந்தது. அவள் நிறுத்தினாள். உதடு அசைய ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். எனக்கு விரலெல்லாம் அரித்தது. சேர்த்தே அடுக்கு என்று தட்டினாள். பெயரும் எண்ணும் கைகோத்துக்கொண்டு நகர்ந்தன.

தலைமையாசிரியை பதிவேட்டில் நாலு எண்ணைச் சரிபார்த்தார். பீரியட் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனேன். “நாலு மாசமா காட்டறேனேம்மா. அப்பல்லாம் வராதது இன்னைக்கு மட்டும் எப்படி வந்துச்சு?”

பதில் வரும் என்று நினைத்துக் கேட்கவில்லை. அவள் மவுசை விடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நாங்க தப்புப் பண்றதுக்குள்ள நீங்க மவுசைப் பிடுங்கிடுவீங்க சார். இன்னைக்கு யாரும் பிடுங்கல.”