குட்டை முடி பிரஷ்

பெயின்டருக்கு பிரஷ் வாங்கத் தெரியாது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? இருபத்திரண்டு வருஷமாக அதைப் பிடித்தே சாப்பிடுகிற மனிதர். அப்பேர்ப்பட்டவர் முகத்துக்குச் சோப்பு போடுகிற ஒரு சின்ன பிரஷ் வாங்கப் போய்க் கோட்டை விட்டார்.

பிரஷ் அவருக்கு இல்லை, தங்கை புருஷனுக்கு. தங்கை புருஷன் பஸ் டிரைவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இரண்டு பேரும் வாடா போடா சிநேகிதர்கள். தாலி ஏறிய பிறகு கூப்பிடுவது மட்டும் மச்சான், மாப்ளே என்று மரியாதைக்கு வந்தது, பேச்சு பழையபடியேதான் இருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் டிரைவருக்கு மூளையில் ரத்தக் குழாய் அடைத்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கையும் காலும் மெல்ல மெல்ல வழிக்கு வந்தன. இடது கன்னம் மட்டும் மரத்தது மரத்ததுதான். உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம், தினமும் துணியால் தேய்த்துப் பாருங்கள் என்றார் டாக்டர். டிரைவரும் பத்து நாள் தேய்த்தார். பக்கத்து வீட்டுக்காரன் கன்னத்தைத் தேய்ப்பது மாதிரி இருக்கிறது என்று சொல்லித் துண்டை மூலையில் எறிந்துவிட்டார்.

அதற்கப்புறம் சலூனுக்குப் போனார். கத்தி இடது கன்னத்தைக் கீறிவிட்டது. கண்ணாடியில் ரத்தம் வழிவதைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. பாதி வழித்த முகத்தோடு எழுந்து வந்தவர், அன்றோடு யாரையும் முகத்தில் கை வைக்க விடவில்லை. தாடி மண்டியது. வாசல் பக்கம் தலைகாட்டுவதும் நின்றது. தங்கை அண்ணனிடம் வந்து அழுதாள். தாடி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், தான் கன்னத்தைத் தொடப் போனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதைத்தான் தாங்க முடியவில்லை என்றாள்.

பெயின்டர் ஒரு நாள் வேலைக்கு மட்டம் போட்டு மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார். கெஞ்சினார், திட்டினார், பழைய கதையெல்லாம் பேசினார். சாயங்காலம்தான் டிரைவர் இறங்கி வந்தார். “நீ சோப்பு போட்டு வழிச்சா வழிச்சுக்கறேன், மச்சான். வேற யாரும் வேணாம்.”

இருக்கிறதிலேயே மெத்தென்ற பிரஷ்ஷாகப் பார்த்து வாங்கி வா என்று தங்கை ஆயிரம் முறை சொல்லி அனுப்பினாள். சலூன் சாமான் விற்கிற கடையில் ஒரு அம்மாள் மூன்று பிரஷ்களை எடுத்து வைத்தாள். முதலாவது நைலான். பெயின்டர் அதை ஒரு விரலால் ஒதுக்கினார், நைலான் என்றாலே அவருக்கு ஆகாது. மற்ற இரண்டும் பன்றி முடி. ஒன்றில் முடி நீளம், இன்னொன்றில் குட்டை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து நுனியைப் பார்த்தார். கத்தரிக்கோல் படாத முடி, நுனி இரண்டாக மூன்றாகப் பிளந்திருந்தது. தண்ணீரைப் பிடித்துவைக்கிற ஜாதி. உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார், ஒரு முடி உதிரவில்லை. அதுவரைக்கும் மனிதர் ஒரு தப்பும் பண்ணவில்லை.

புதுசில் இரண்டுமே முரடாகத்தான் இருக்கும், வெந்நீரில் ஊறவைத்துத் தினமும் நுரை போட்டால் ஒரு மாதத்தில் பதப்படும், நோவு கண்ட முகத்துக்கு நீள முடிதான் நல்லது என்று அந்த அம்மாள் படித்துப் படித்துச் சொன்னாள். பெயின்டர் காதில் ஏறினால்தானே. நீள முடி அவர் கண்ணுக்குத் துவண்டு தெரிந்தது. குட்டை முடி நிமிர்ந்து நின்றது, ஜன்னல் ஓரத்தில் கோடு பிசகாமல் இழுக்கலாம். அதை உள்ளங்கையில் இரண்டு சுற்றுத் தேய்த்தார். பஞ்சு என்றால் பஞ்சு. அந்த அம்மாள் அவர் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பொட்டலம் கட்டினாள்.

வீட்டில் ஒரு வாரம் தினமும் நுரை போட்டுப் பழக்கினார். முதல் இரண்டு நாள் ஈர மிருக வாடை அடித்ததில் பெண்டாட்டி அவரைக் கொல்லைப் பக்கம் துரத்திவிட்டாள். ஏழாம் நாள் வாடை போயிருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், வெண்ணெய். மனசு நிறைந்து கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம் நாற்காலி போட்டார்கள். முந்தின நாளே தாடியைத் தானே ஒட்டக் கத்தரித்துத் தயாராக இருந்தார் டிரைவர். பெயின்டர் நல்ல கன்னத்தில் ஆரம்பித்தார். ஒரு சுற்றுதான். டிரைவர் துள்ளிவிட்டார்.

“இது செவுரு இல்லடா மச்சான். என் மூஞ்சி.”

தங்கை பிரஷ்ஷைப் பிடுங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். “எப்படிண்ணே இதைப் போய் மெத்துன்னு நெனச்சே?”

பெயின்டர் உள்ளங்கையை நீட்டினார். இருபத்திரண்டு வருஷத்துச் சுண்ணாம்பும் உப்புத்தாளும் தின்னரும் தின்று தீர்த்த கை. ஆணி குத்தினால்கூட யோசித்துத்தான் வலிக்கும். அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவ்வளவு ஆசையாகச் செய்த ஒன்று இப்படியா ஆக வேண்டும் என்று கண் கலங்கிவிட்டது. கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தார்.

டிரைவர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். நகத்தால் உள்ளங்கையை அழுத்தினார். “தெரியுதா?”

“இல்ல மாப்ளே.”

“இத்தனை நாளா சொல்லவே இல்லையே நீ.” கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு இடது கன்னத்தைத் தானாகத் திருப்பிக் காட்டினார். “இந்தப் பக்கம் போடு. இங்க எது பட்டாலும் ஒண்ணுதான். வந்த வேலையை முடி.”

பெயின்டர் பயந்து பயந்துதான் போட்டார். தாடையில் தொடங்கி மெல்லச் சுழற்றிக்கொண்டே மேலே போனார். டிரைவர் கண்ணை மூடியிருந்தார். காதோரம் வந்ததும் அவர் கை எழுந்து பெயின்டரின் மணிக்கட்டைப் பிடித்தது. அவ்வளவுதான், இவனுக்கு வெறுத்துவிட்டது என்று பெயின்டர் பிரஷ்ஷை எடுக்கப் போனார்.

“எடுக்காதே,” என்றார் டிரைவர். “அங்கேதான். இன்னொரு தடவை போடு.”

போட்டார்.

“குத்துது மச்சான்.”

தங்கை கிட்டே வந்து அந்த இடத்தில், நுரைக்கு மேலேயே, விரலை வைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மூன்று பேரும் அழுது முடிப்பதற்குள் நுரை காய்ந்துவிட்டது. பெயின்டர் மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டியிருந்தது.