ஓட்டை இல்லாத கேட்

எனக்குக் கோபம் வந்தால் உட்கார முடியாது. அன்றைக்குக் காலையிலிருந்தே தகடு வெட்டுகிற லேசர் மெஷினைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். வெளியே சாரல். கரண்ட் வருவதும் போவதுமாக உயிரை எடுத்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். குவைத்திலிருந்து ஜஸ்டின் என்கிற தம்பி போனில் பேசியதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"ஓட்டையே வேண்டாம் அண்ணாச்சி. ரோட்டுல போறவன் வாறவன் எல்லாம் எட்டிப் பாக்கதுக்கா நான் கேட்டு போடுதேன்? பூ டிசைன் வேணும்னா மேலாப்புல கோடு மட்டும் கீறி விடுங்க."

முதலாளி பிச்சையா அண்ணாச்சி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எதிரே ஜஸ்டினின் மனைவி ரூபி நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணாச்சியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்படியே செஞ்சிருவோம் தம்பி" என்று போனை வைத்துவிட்டார்.

அந்த டிசைன் ரூபி பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது. போன வாரம் முழுக்க என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இந்த இதழ் பெரிசா, அந்த இதழ் சின்னதா என்று என் உயிரை வாங்கினாள். கடைசியில் அவளைச் சுவரோரம் நிற்கவைத்து, தரையிலிருந்து கண் வரை டேப் பிடித்து அளந்தேன். அந்த உயரத்தில்தான் பெரிய பூ வர வேண்டும் என்றாள். சட்டைக்கு அளவெடுப்பார்கள், கேட்டுக்கு யாரடி அளவு கொடுப்பாள் என்று கேலி பண்ணினேன். அப்போது சிரித்தாள்.

இப்போது சிரிப்பு இல்லை. அண்ணாச்சி இலத்தூரில் ஒரு ஷெட்டுக்கு அளவெடுக்க வண்டியை எடுத்தார். "ஏ முஹ்ஸினா, கீறி எடுத்து வச்சிரு. காஜா வந்து பிரேம்ல வெல்டு பண்ணிருவான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஏட்டி, வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? எனக்கு ஓட்டைதான் வேணும்னு சொல்ல வேண்டியதுதான?" என்று ரூபியிடம் பாய்ந்தேன்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

அவள் வீடு ஐந்தருவி போகிற ரோட்டில் இருக்கிறது. ஆள் உயர மதில், அதற்குத் தகரத்தில் மூடிய பழைய கேட். வீட்டில் அவளும் கைக்குழந்தையும்தான். அருவியில் குளிக்கக் கூட்டம் வருமே, அந்தச் சீசனில் போன வருஷம் ஒரு மத்தியானம் கேட்டைத் தட்டும் சத்தம். கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று திறந்தாள். ஈரத் துண்டோடு ஒருத்தன், குடித்திருந்தான், காலை உள்ளே வைத்துவிட்டான். கேட்டை அவன் கால்மேலேயே தள்ளிச் சாத்தி, கொண்டியைப் போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளறையில் போய் உட்கார்ந்தவள் பொழுது சாய்கிற வரை வெளியே வரவில்லை.

"இப்பவும் யாராவது தட்டினா எனக்கு நெஞ்சு அடைச்சிக்கிடும் அக்கா. தெறக்காமலும் இருக்க முடியல. யாருன்னு பாத்துட்டுத் தெறக்கணும், அவ்வளவுதான்."

"இத அவருகிட்ட சொன்னியா?"

"சொன்னா வீட்டப் பூட்டிட்டு வீரகேரளம்புதூர்ல எங்க அத்தைகூடப் போய் இருன்னுருவாவ. இங்கன ஸ்கூல்ல கெடச்ச வேலையும் போயிரும்."

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மெஷின் முன்னால் நின்றேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுகூடத் தெரியவில்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தகட்டில் சின்னச் சின்ன வடிவங்களை முழுசாக வெட்டிவிட்டால், துண்டு எழும்பி நின்று மெஷினின் மூக்கில் இடித்துவிடும். அதனால் சுற்றிலும் வெட்டி, ரெண்டு இடத்தில் மட்டும் மயிரிழை அளவுக்கு ஒட்ட விட்டுவிடுவோம். ஜாயிண்ட் என்போம். வேலை முடிந்ததும் சுத்தியலால் ஒரு தட்டு. துண்டு தானாக விழுந்துவிடும். தட்டாதவரை தகடு மொட்டையாகத்தான் இருக்கும், பூவெல்லாம் வெறும் கோடாகத் தெரியும்.

கீறலுக்குப் போட்டிருந்த புரோகிராமை எடுத்துவிட்டு வெட்டுக்கு மாற்றினேன். ஒவ்வொரு இதழுக்கும் ஜாயிண்ட் வைத்தேன். விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும். பொம்பளையிடம் மெஷினைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஊரெல்லாம் பேசுவார்கள். பேசட்டும், சவம்.

பட்டனை அமுக்கினேன். தகட்டுக்கு அடியில் தீப்பொறி கொட்டியது. நான் வாசலுக்கும் மெஷினுக்குமாக நடந்தேன். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அண்ணாச்சி என்று எட்டிப் பார்த்தேன். பாதியில் கரண்ட் போயே போய்விட்டது. யா அல்லா என்று தலையில் கைவைத்து நின்றேன். வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து பிடித்து, கடைசி இதழ் முடியவும் அண்ணாச்சி உள்ளே வரவும் சரியாக இருந்தது.

தகட்டின் மேல் கையை ஓட்டிப் பார்த்தார். "கீறல் ஆழமா விழுந்துட்டோ?"

"பவர் கூடிட்டு அண்ணாச்சி."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "ம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

கேட் மாட்டுகிற அன்று எனக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் வெல்டர் காஜாவோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். காஜாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உளறிவிடுவான் என்று விட்டுவிட்டேன். ரூபி வாசலில் வீடியோ காலோடு நின்றாள். மாட்டி முடித்ததும் ஜஸ்டினுக்கு ஒரே சந்தோஷம்.

"இப்பதான் பாக்க லெட்சணமா இருக்கு. பூவும் இருக்கு, ஓட்டையும் இல்ல."

அவன் போனை வைத்ததும் ரூபியிடம் சொல்லி இதழ்களைத் தட்டிவிடலாம் என்று நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் கீல் இறுக்கமாக இருக்கிறது என்று காஜா சுத்தியலை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டான். அந்த அதிர்வில் பெரிய பூவின் ஓர் இதழ் டங்கென்று சிமெண்ட் தரையில் விழுந்தது.

"யம்மா! கேட்டு உதிருதே!" என்று அலறினான் காஜா.

"என்னது அது? என்ன விழுந்தது?" என்று போன் கத்தியது.

ஓடி ஒளிய எங்கே இடம்? போனுக்கு முன்னால் போய் நின்றேன். "நான்தான் தம்பி வெட்டினேன். அண்ணாச்சிக்குத் தெரியாது. எல்லாம் ஓட்டைதான்."

"கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா உங்களுக்கு? நான் சொன்னது என்ன, நீங்க செஞ்சது என்ன? இந்தக் கேட்ட இப்பவே கழத்துங்க. புதுத் தகடு போட்டுத் தரணும். ரூபி, நீ அந்த அண்ணாச்சிக்குப் போனப் போடு!"

"கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் ரூபி.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் இதழ் விழுந்த ஓட்டையில் ரோடு தெரிகிற மாதிரி போனை வைத்துப் பிடித்தாள்.

"இதுக்கு நேரா, அந்தா அங்கனதான் நின்னான். குடிச்சிட்டு. போன சீசன்ல. கேஸ்காரன்னு நெனச்சித் தெறந்தேன். கால உள்ள வச்சிட்டான். பிள்ள உள்ள தூங்கிட்டு இருந்தா."

ரோட்டில் வேன்கள் போய்க்கொண்டிருந்தன. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் சத்தம் போட்டபடி கடந்துபோனார்கள். ஜஸ்டின் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டான். குரல் இறங்கிப் போயிருந்தது.

"சொன்னா கேட்ட மாத்த மாட்டிய. என்னயத்தான் எடம் மாத்துவிய."

சொன்ன கையோடு போனை என் கையில் திணித்துவிட்டு, காஜாவின் சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டாள். ரெண்டாவது இதழ் விழுந்தது. மூன்றாவது தெறித்து என் செருப்பில் பட்டது.

போனில் ஜஸ்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னவோ முனகினான். காதில் வைத்துக் கேட்டேன்.

"ஏட்டி ரூபி, சரின்னு சொல்லுதாரு!" என்று கத்தினேன்.

"அவியகிட்ட யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டு அடுத்த இதழை அடித்தாள் ரூபி.