அலாரத்தின் வயர்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் கணினிகளும் தொலைபேசிகளும் அவள் பொறுப்பில் இருந்தன. பதவிப்பெயர் நெட்வொர்க் பொறியாளர். எது பழுதானாலும் அவள் தலைதான் உருளும். அவளுடைய நாத்தனாரும் அங்கேதான் வேலை பார்த்தாள். உதவி கேட்டு வரும் அழைப்புகளை எடுத்துப் பேசுவது நாத்தனாரின் வேலை.

சர்வர் அறையின் மூலையில் பீரோ அளவுக்கு ஒரு யு.பி.எஸ். நின்றது. மின்சாரம் போனால் கீழ்த்தளத்து ஜெனரேட்டர் ஓடத் தொடங்க முக்கால் நிமிடம் பிடிக்கும். அதுவரை யு.பி.எஸ்ஸின் பேட்டரிகள் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் சர்வர்கள் அணைந்துவிடும். ஜெனரேட்டர் வந்த பிறகும் அவை மறுபடி சரியாக இயங்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். தொலைபேசிகளும் அந்த நெட்வொர்க்கில்தான் ஓடின.

பேட்டரிகள் ஆயுள் முடிந்து உப்பியிருந்தன. யு.பி.எஸ்ஸின் அலாரம் அரை நிமிடத்துக்கு ஒருமுறை கத்தியது. புதிய பேட்டரி கேட்டு மூன்று கடிதம் எழுதினாள். முதல் இரண்டுக்கும் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. மூன்றாவதற்கு அதுவும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம்தான் மேலாளரின் அறை. பக்கத்தில் யாராவது தும்மினாலும் முகம் சுளிப்பார் என்பதால் ஊழியர்கள் அவருக்கு ‘நிசப்தம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் விடுப்பு எடுத்துவிட்டு அவள் திரும்பியபோது கத்தல் நின்றிருந்தது. ஒருவழியாகப் பேட்டரி வந்துவிட்டது என்று வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. யு.பி.எஸ்ஸின் கதவைத் திறந்து பார்த்தாள். அதே உப்பிய பேட்டரிகள். அலாரத்தின் வயர் மட்டும் வெட்டப்பட்டு, முனைகளில் கறுப்பு டேப் அழகாகச் சுற்றப்பட்டிருந்தது.

எலெக்ட்ரீஷியனைக் கேட்டாள். அவர் தரையைப் பார்த்தபடி, மேலாளர் சொன்னதால் வெட்டியதாகச் சொன்னார். நேரே மேலாளரிடம் போனாள்.

“இப்பதான் நிம்மதியா வேலை ஓடுது. அதையும் கெடுக்கணுமா?” என்றார் அவர்.

“சத்தத்தைத்தான் சார் நிறுத்தியிருக்கீங்க. கோளாறு அப்படியேதான் இருக்கு.”

அவர் ஒரு ஃபைலை இழுத்துத் திறந்துகொண்டார். அவள் வெளியே வந்து நான்காவது கடிதத்தை எழுதினாள். எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழித்தது.

அதற்கு ஒன்பதாம் நாள், பிற்பகல் மூன்று மணிக்கு மின்சாரம் போனது. பேட்டரி நாலு வினாடிகூடத் தாங்கவில்லை. திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கறுத்தன. அப்போது நாத்தனார் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். கணவருக்கு வாய் கோணிக்கொண்டது, கை தூக்க முடியவில்லை என்று அந்தப் பெண் அழுதுகொண்டே தெருப்பெயரைச் சொன்னாள். வீட்டு எண்ணைச் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. அழைத்த எண்ணும் திரையோடு போய்விட்டது.

நாத்தனார் தன் கைபேசியில் ஆம்புலன்ஸ் ஓட்டுநரைக் கூப்பிட்டுத் தெருப்பெயரை மட்டும் சொன்னாள். அவர் அந்த நீளத் தெருவில் கதவு கதவாகத் தட்டினார். நெட்வொர்க் திரும்பப் பதினொரு நிமிடம் ஆனது. அவர் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. பேருந்து ஓட்டுநரான அந்தப் பெண்ணின் கணவர் பிழைத்துக்கொண்டார். வலது கையும் பேச்சும் போய்விட்டன.

மறுவாரம் மேலாளர் ஒரு அறிக்கையை அவள் முன் நகர்த்தினார். எதிர்பாராத மின்தடை, யாருடைய தவறும் இல்லை என்று எழுதியிருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

“நாலு கடிதம் எழுதியிருக்கேன். இதுல எது எதிர்பாராதது?” என்று கேட்டாள்.

குடும்பம் குட்டி இருக்கிறவள் யோசித்து நடக்க வேண்டும் என்று அவர் மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவான குரலைக் கேட்டுத்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அறிக்கையைத் திருப்பித் தள்ளிவிட்டு எழுந்தாள். அது அவள் கையெழுத்து இல்லாமலே மேலே போய், அங்கே அப்படியே ஏற்கப்பட்டது.

அது ஏற்கப்பட்ட அன்று மாலை நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு பேருந்து ஓட்டுநரின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி தையல் வேலை செய்கிறவர். முகவரியைச் சரியாகச் சொல்லாதது தன் தப்பு என்றுதான் அன்றுவரை நினைத்து அழுதுகொண்டிருந்தார். அலுவலகத்திலிருந்து அப்படித்தான் அவரிடம் சொல்லியிருந்தார்களாம்.

அதைக் கேட்டதும் நாத்தனார் குமுறிவிட்டாள். “உங்க தப்பு இல்லக்கா. நீங்க சொல்லிட்டுதான் இருந்தீங்க. எங்க பக்கம்தான் லைன் செத்துப்போச்சு.”

பொறியாளர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தையல்காரம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “இதையெல்லாம் எழுதிக் கொடுப்பீங்களா?” என்று கேட்டார்.

பொறியாளர் அந்தத் தையல் மேசையிலேயே வைத்து மூன்று பக்கம் எழுதி, நான்கு கடிதங்களின் தேதிகளையும் சேர்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நாத்தனாரும் போட்டாள். இரண்டு நாள் கழித்து எலெக்ட்ரீஷியன் தானாகவே அந்த வீட்டைத் தேடிப்போய், வயரை வெட்டியது தான்தான் என்பதையும், வெட்டச் சொன்னது யார் என்பதையும் எழுதிக் கொடுத்தார்.

தையல்காரம்மா தொடுத்த வழக்கு வந்தது. புதிய பேட்டரிகள் வந்தன. அலுவலக ரகசியத்தை வெளியே சொன்னதற்காக அவளிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்தது. பதிலாக ஒரே வரி எழுதினாள்: அந்த வீட்டில் சொன்னது ரகசியமல்ல, அவர்களுக்குச் சேர வேண்டிய உண்மை. மேலாளரைப் பதவியிலிருந்து இறக்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் அவரைத் தினமும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே அவள் வேலைக்குப் போனாள். ஒருநாளும் முதலில் பார்வையைத் திருப்பவில்லை.